கண்ணாடி வழியே வந்த வெயில்

மழைக்கு ஒதுங்க வந்தவனைப் போல இல்லை அவன்... மழையையே கையோடு கூட்டிக்கொண்டு வந்தவனைப் போல அந்தக் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தான். தலையிலிருந்தும் முழங்கையிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து மேசைமேல் வைத்தான். ஒரு காலத்தில் அது மூக்குக்கண்ணாடியாக இருந்திருக்க வேண்டும். இப்போது சட்டம் தனி, காதில் மாட்டும் கம்பி தனி.

"இதைச் சேர்த்து வைக்க முடியுமாங்க?" என்று கேட்டான். மேசைக்குப் பின்னால் நின்ற அவளிடம் அல்ல. அவளுக்குப் பக்கத்தில் சிரித்தபடி நின்ற அட்டையில் வெட்டிய விளம்பரப் பெண்ணிடம்.

"அவங்க பதில் சொல்ல மாட்டாங்க. நான் இந்தப் பக்கம் இருக்கேன்."

அவன் திரும்பினான். கண்ணாடியைக் கழற்றியதும் மனிதர்கள் கொஞ்சம் குழந்தையாகிவிடுவார்கள். மூக்கின் இரு பக்கமும் சின்னத் தழும்பு, எதையோ தேடும் பார்வை... அந்தக் கடையில் தினமும் அவள் பார்க்கிற கண்கள்தான் அவை. ஆனால் இமை முடியில் மழைத்துளி தொங்க, இவ்வளவு பக்கத்தில் வந்து, "மன்னிச்சிடுங்க" என்று சொன்ன கண்களை அவள் இதுவரை பார்த்ததில்லை.

எப்படி உடைந்தது என்று கேட்டாள். உடும்பு வாலால் அடித்துவிட்டது என்றான். அடுத்த தெருவில் இருக்கும் பிராணி மருத்துவமனையில் அவன் டாக்டர். நாய் பூனையை மற்றவர்கள் பார்ப்பார்கள். பறவை, ஆமை, ஓணான் என்று வந்தால் அவன்தான். உள்ளே சாய்வு நாற்காலியில் இருந்த முதலாளி காதைத் தீட்டிக்கொண்டார். நோயாளியின் சொந்தக்காரரிடம் அடி வாங்கிய டாக்டர்களைக் கேள்விப்பட்டிருப்பதாகவும், நோயாளியிடமே வாலடி வாங்கியவரை இப்போதுதான் பார்ப்பதாகவும் சொன்னார். அவன் வெட்கத்தோடு சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

புதுத் திருகாணி போட்டு, பற்றவைத்த இடம் சூடு ஆற வேண்டியிருந்தது. அதற்குள் ஒரு அம்மாள் வெயில் கண்ணாடி கேட்டு வந்தாள். அவளுக்கு வழக்கமான வித்தையைக் காட்டினாள் இவள். சின்ன டார்ச் ஒன்று. அதன் ஊதா வெளிச்சத்தை ஓர் அட்டையில் அடித்தால் அட்டையில் பளிச்சென்று பொட்டு விழும். நடுவில் லென்ஸைப் பிடித்தால் பொட்டு காணாமல் போகும். "பார்த்தீங்களா, வெளிச்சம் வரும், வெயிலோட அந்தக் கதிர் மட்டும் வராது. கண்ணாடியே நிறுத்திடும்" என்று அவள் சொன்னதை அவன் முக்காலியில் உட்கார்ந்து ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த அம்மாள் போனதும் இவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்கார்" என்றாள்.

தாடி ஓணான். தாடையின் கீழே முள் முள்ளாகத் தாடி, தலையைத் தூக்கி ஒற்றைக் கண்ணால் ஆளை எடைபோடும் தோரணை... வயது என்னவோ ஒன்றைத்தான் தாண்டியிருந்தது. ஆனாலும் வீட்டில் அவருக்குப் பெயர் பெரியவர். "பெரியவர் சாப்பிட்டாரா", "பெரியவர் தூங்கறார்" என்றுதான் பேச்சு. அண்ணன் கல்யாணத்துக்கு முன் ஆசையாக வாங்கியது. கல்யாணமானதும் அண்ணி, "இவர் இருக்கற ரூம்ல நான் படுக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அண்ணன் மட்டும் வேலைக்காக வேறு ஊர் போய்விட, பெரியவர் இவள் அறைக்குக் குடிவந்துவிட்டார்.

ஃபோனில் படத்தைக் காட்டினாள். பெருமையாகத்தான் காட்டினாள். ஜன்னலோரம் கண்ணாடித் தொட்டி, அதில் மரக்கிளை, கிளைமேல் வெயில் பட்டுப் பொன்னாய் மின்னும் பெரியவர்.

அவன் ஃபோனை மூக்குக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். முகத்திலிருந்த சிரிப்பு எங்கோ போய்விட்டது.

"தாடை வீங்கின மாதிரி இருக்கே... பின்னங்கால் எப்பவும் இப்படித்தான் வளைஞ்சிருக்குமா? தொட்டிக்கு மேல தனியா விளக்கு இருக்கா?"

வீடு மாறும்போது உடைந்துவிட்டது என்றாள். அதனால்தான் தொட்டியை ஜன்னலுக்கு மாற்றினாள். அசல் வெயில் இருக்கும்போது விளக்கு எதற்கு?

"ஜன்னல் திறந்திருக்குமா?"

"இல்லை, மூடிடுவேன். காக்கா வருது. காத்தும் அடிக்குது... பாவம்."

அப்போதுதான் அவன் அதைச் சொன்னான். கொஞ்சம் உரக்கவே சொன்னான். "இப்பத்தானே அந்தம்மாவுக்கு டார்ச் அடிச்சுப் பாடம் நடத்துனீங்க? வெயில்ல இதுக்கு எந்தக் கதிர் வேணுமோ, அதைத்தான் ஜன்னல் கண்ணாடி நிறுத்திடுது. அது இல்லைன்னா நீங்க என்ன போட்டாலும் எலும்புல சேராது. கண்ணாடிக் கடையிலயே வேலை பார்க்கறவங்களுக்கு இதுகூடத் தெரியலைன்னா... வளர்க்காமலே இருந்திருக்கலாம்."

கடையில் வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் சிரித்தார். முதலாளியும் லேசாகச் சிரித்தாரோ என்னவோ... அவளுக்குக் காது மடல்வரை சுட்டது.

நாளைக்கே கூட்டி வாருங்கள், நான் பார்க்கிறேன் என்று அவன் அடுத்துச் சொன்னதும் அவள் காதில் விழுந்தது. ஆனால் அது மனதில் போய் உட்காரவில்லை. "உங்க கண்ணாடி ரெடி" என்று நீட்டினாள். மாட்டிக்கொண்டு முதல்முறையாக அவளைத் தெளிவாகப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஏதோ மாறியது... அவள் அதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

அன்று வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக ஜன்னலைத் திறந்தாள். மழைதான் உள்ளே வந்தது.

அவன் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும். அதுதான் வலித்தது. தவறாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டு மறந்திருப்பாள். அந்த டார்ச்சை எத்தனை தடவை அடித்திருப்பாள்... பொட்டு மறைவதை எத்தனை பேருக்குக் காட்டியிருப்பாள்... அதே கையால்தான் வீட்டு ஜன்னலை மூடித் தாழ் போட்டிருந்தாள். அன்பாகத்தான் மூடினாள். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

போகவில்லை. தானே சரிசெய்துவிடலாம் என்று இறங்கினாள். படித்தாள், குறித்துக்கொண்டாள். மீன் தொட்டி விற்கும் கடையில் விளக்கு கேட்டாள். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது சூடு தரும் விளக்கு. கதிர் தரும் விளக்கு வேறு என்று அவருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் கேட்கத் தோன்றவில்லை. உணவுப் பூச்சிகளைக் கால்சியம் பொடியில் புரட்டிப் போட்டாள். பெரியவர் சாப்பிட்டார். சாப்பிடுகிறாரே, அப்புறமென்ன என்று தேற்றிக்கொண்டாள். டாக்டரிடம் போனாயா என்று அண்ணி கேட்டபோது, போனேன் என்றாள். அண்ணி அதற்குமேல் கேட்கவில்லை. அவளுடைய கவலையெல்லாம் குளிர்சாதனப் பெட்டியில் கீரைக்குப் பக்கத்தில் எந்தப் பூச்சி டப்பாவும் அசையாமல் இருக்கிறதா என்பதில்தான்.

மழை விடுவதாக இல்லை. திறந்த ஜன்னல் வழியே சாம்பல் நிற வெளிச்சமும் சாரலும் மட்டும் வந்தன.

அவன் மறுபடி கடைக்கு வந்தான். திருகாணி தளர்ந்துவிட்டதாம். அவன் குரல் கேட்டதுமே அவள் லென்ஸ் தேய்க்கும் அறைக்குள் போய்விட்டாள். முதலாளியே முடுக்கிக் கொடுத்தார். பிறகு மூக்குத் தாங்கி உறுத்துகிறது என்று வந்தான். பிறகு துடைக்கும் துணி கேட்டு வந்தான். ஒவ்வொரு முறையும் தேய்ப்பு இயந்திரத்தைத் தேவையில்லாமல் ஓட்டியபடி, கதவு இடுக்கில் அவன் சட்டையின் ஒரு துண்டை மட்டும் பார்த்தாள். போய் நின்றால்தான் என்ன... ஒரு வார்த்தை கேட்டால் தலை கழன்றா விழுந்துவிடும்? மனசு கேட்டது. கால் நகரவில்லை. 'வளர்க்காமலே இருந்திருக்கலாம்' என்று சொன்ன வாய் அது.

"அந்த டாக்டரோட கண்ணாடிக்கு என்னதான் வியாதியோ, அதுக்கு ஒரு டாக்டரைப் பார்த்தா தேவலை" என்றார் முதலாளி. அப்புறம், போகிற போக்கில் கேட்பவரைப் போல, "உன் ஓணான் எப்படி இருக்குன்னு கேட்டுச் சொல்லச் சொல்றார், பாப்பா. வெளியிலதான் நிக்கறார். என்ன சொல்லட்டும்?"

அன்று காலையில் பெரியவர் நெஞ்சைத் தரையிலிருந்து தூக்கவில்லை. விரல் நுனிகள் லேசாகத் துடித்துக்கொண்டிருந்தன. குளிராக இருக்கும் என்று நினைத்துத் துணி போர்த்திவிட்டு வந்திருந்தாள்.

"நல்லா இருக்கார்னு சொல்லிடுங்க" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தை அவள் பிற்பாடு எத்தனையோ முறை தன் வாய்க்குள் திருப்பி விழுங்கிப் பார்த்தாள். போகவில்லை.

அண்ணியின் ஃபோன் ஒரு மத்தியான வேளையில் வந்தது. பெரியவர் கிளையிலிருந்து விழுந்துவிட்டார் என்றாள். விழுந்த உயரம் ஒரு சாண்கூட இருக்காது. ஆனால் கால் திரும்பிக் கிடக்கிறது, உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. "எனக்குக் கை ஓடல, கால் ஓடல... ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வரேன், சீக்கிரம் வா."

அவள் ஓடியபோது அண்ணி மருத்துவமனை வாசலிலேயே நின்றிருந்தாள். ஓணான் இருக்கும் அறையில் படுக்கமாட்டேன் என்ற அண்ணி, தன் துப்பட்டாவில் அவரைச் சுற்றி, நெஞ்சோடு அணைத்து, மழை படாமல் குனிந்து நின்றாள்.

"இங்க வந்து உன் பேரைச் சொன்னேன், அப்படி யாரும் வந்ததே இல்லைங்கறாங்க. போனேன்னு சொன்னியே... பொய்யா சொன்ன?"

அவளால் அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவன் எதுவும் கேட்கவில்லை. ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை... திட்டினால்கூடத் தாங்கியிருப்பாள். துப்பட்டாவை மெல்லப் பிரித்தான், கதகதப்பான துணியில் கிடத்தினான், ஊசி போட்டான். துடிப்பு அடங்கும்வரை ஒரு விரலால் அந்தச் சின்னத் தலையைத் தாங்கியிருந்தான். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்தபோது வெள்ளையாகத் தெரிய வேண்டிய எலும்புகள் மங்கல் கோடாக இருந்தன, பென்சிலால் எழுதி அழித்ததைப் போல. முதுகில் ஓரிடத்தில் அந்தக் கோடும் வளைந்திருந்தது. உடம்பில் கால்சியம் இல்லாமல், எலும்பிலிருந்தே எடுத்து எடுத்து இத்தனை நாள் ஓட்டியிருக்கிறது என்று சொன்னான். குரலில் அன்றைய காரம் இல்லை.

"பிழைச்சிடுவாரா?" என்று கேட்டது அண்ணி.

"பார்க்கலாங்க. இங்கயே இருக்கட்டும்."

அதன்பிறகு கடை முடிந்ததும் அவள் கால்கள் தாமாக அந்தப் பக்கம் திரும்பின. பெரியவருக்கு அங்கே சூடான ஒரு மூலை, குளிர்ச்சியான ஒரு மூலை, நடுவில் மெத்தென்ற துணி, தலைக்குமேல் சரியான விளக்கு, நடுவில் கண்ணாடி எதுவும் இல்லாமல். கிளை கிடையாது. ஊசி இல்லாத சிரிஞ்சால் கூழைச் சொட்டுச் சொட்டாக உதட்டோரம் வைக்க வேண்டும். அவசரப்பட்டால் மூச்சுக்குழலில் போய்விடும். அவள் கை பிசகினால் அவன் கை வந்து அடியில் தாங்கும். தாங்கிவிட்டு உடனே விலகிவிடும்... அந்த விலகலில் இருந்த மரியாதை அவளை என்னவோ செய்தது.

முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே குழாயில் கை கழுவுவார்கள். இந்த இனத்தைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கழுவியே ஆக வேண்டும், பார்க்க எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கிருமி இருக்கும் என்று முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். நுரையோடு நாலு கைகள், ஒரு மெல்லிய தண்ணீர்க் கோடு. பேச்செல்லாம் அந்தக் குழாயடியில்தான்.

அப்படி ஒரு சாயங்காலம், கைகளைப் பார்த்தபடியே அவன் சொன்னான். "திருகாணி தளரவே இல்லைங்க. நானேதான் தளர்த்திட்டு வந்தேன். ஒரு மன்னிப்புக் கேட்கத்தான்... வந்து நின்னா வாய் வரல. நாலு பேர் சிரிக்கற மாதிரி சொல்லிட்டேனேன்னு... உங்களுக்குப் புரிய வைக்கணும்னு இல்லை, நான் பெரிய கெட்டிக்காரன்னு காட்டிக்கத்தான் அன்னிக்கு அப்படிப் பேசினேன்."

"நான் உள்ளதான் இருந்தேன்" என்றாள் அவள். "மெஷினை சும்மா ஓட்டிக்கிட்டு."

"தெரியும்."

இருவரும் சிரித்திருக்க வேண்டிய இடம். சிரிப்பு வரவில்லை. ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவன், இந்தப் பக்கம் ஒருத்தி... இரண்டு பேருடைய வீம்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் வாயில்லாத ஒருவர். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவன்தான் குழாயை மூடினான்.

மழைக்காலம் முடிந்தது. பெரியவர் பிழைத்துக்கொண்டார். தானே தின்றார், தலையைத் தூக்கினார், அண்ணியைக் கண்டால் தாடியைக் கறுப்பாக்கி உப்பிக் காட்டினார். "என்னைப் பார்த்தாத்தான் இவருக்குக் கோபம் வருது, தூக்கிட்டு ஓடினவ நான்" என்று அண்ணி அலுத்துக்கொண்டாள். ஆனால் பின்னங்கால்கள் இரண்டும் எழவில்லை. உடம்பு முன்னால் போக, அவை பின்னால் துணிபோலக் கிடந்து வந்தன.

வீட்டுக்குக் கூட்டிப் போகிற நாளில் மருத்துவமனையின் பின்கட்டில் நல்ல வெயில். அவரைக் கம்பி வலைக்குள், வெறும் தரையில், நிழலுக்கும் இடம் விட்டு விட்டிருந்தான் அவன். இவள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். அவன் ஒரு படி தள்ளி. விளக்கைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன் என்று ஆரம்பித்தான். இந்த விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், உள்ளே கதிர் மட்டும் தீர்ந்துபோயிருக்கும். எரிகிறதே என்று விட்டுவிடக் கூடாது, தீர்வதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

அவள் தலையாட்டினாள். பிறகு சொன்னாள், "ஒண்ணு கேட்பேன். மழுப்பாம சொல்லணும்."

"கேளுங்க."

"நீங்க வரச் சொன்ன மறுநாளே நான் கூட்டிட்டு வந்திருந்தா..."

முடிக்க முடியவில்லை. முடிக்க வேண்டியும் இருக்கவில்லை. இந்தக் கேள்வியை அவள் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்திருந்தாள். எப்படியும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்றாள் அண்ணி. பிழைத்ததே பெரிது என்றார் முதலாளி. விடு, வேற ஒண்ணு வாங்கித் தரேன் என்றான் அண்ணன் ஃபோனில். எல்லாம் அன்பான பதில்கள். எதுவும் அவளைத் தூங்க விடவில்லை.

அவன் வலைக்குள் இருந்த பெரியவரைப் பார்த்தான். ஒரு சின்னப் பொய் சொன்னால் போதும், அவள் முகம் கொஞ்சம் தெளிந்துவிடும். அது அவனுக்கும் தெரிந்திருக்கும்.

"நடந்திருப்பார்" என்றான். "நல்லாவே நடந்திருப்பார்."

அவளுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல் வந்தது. அழாதீங்க என்று அவன் சொல்லவில்லை. "நான் அன்னிக்கு ஒழுங்காப் பேசியிருந்தா நீங்க வந்திருப்பீங்க" என்று மட்டும் சொன்னான். "உங்க பங்கை மட்டும் தனியாத் தூக்காதீங்க. என்னோடதையும் சேர்த்துக்குங்க."

துப்பட்டாவின் நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எப்படியும் இப்படித்தான் என்று அவனும் சொல்லியிருந்தால், நன்றி சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பாள். இந்தப் பக்கம் திரும்பியே இருக்கமாட்டாள். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது... எந்த உண்மைக்காக ஒரு மழைக்காலம் முழுக்க இவனிடமிருந்து ஒளிந்துகொண்டாளோ, அதையே இவன் வாயால் கேட்கத்தான் இத்தனை நாள் வந்துகொண்டிருந்திருக்கிறாள்.

"இன்னொண்ணும் சொல்லணும். நாளைக்குச் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம்னு வெச்சா என்ன ஆகும்னு பார்த்துட்டேன். அதனால இப்பவே சொல்லிடறேன்." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. இதை வேற ஒரு நாள்ல சொல்லியிருக்கணும்... பெரியவர் நடந்துக்கிட்டிருக்கற ஒரு நாள்ல."

அவன் தரையைப் பார்த்தபடி இருந்தான். காது சிவந்திருந்தது.

"நானும் அந்த நாளைத்தான் நினைச்சுப் பார்த்துக்கிட்டே இருக்கேன்" என்றான் மெதுவாக. "அதை நம்ம ரெண்டு பேருமே தொலைச்சுட்டோம். இந்த நாள்தான் மிச்சம். எனக்கு இது போதும்... உங்களுக்கு?"

அவள் தங்கள் இருவருக்கும் நடுவில் காலியாக இருந்த அந்த ஒரு படியில் கையை வைத்தாள். அவன் கை வந்து அதன்மேல் அமர்ந்தது. இந்த முறை விலகவில்லை.

வெயில் சுவரோரம் நகர்ந்திருந்தது. பெரியவர் அதைப் பார்த்தார். முன்னங்கால்களை ஊன்றினார், நெஞ்சைத் தூக்கினார், பின்னால் கிடந்த இரண்டையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டார். எடுத்து வெயிலில் வைத்துவிட அவள் எழப் போனாள்.

"அவரே போகட்டும்" என்றான் அவன்.

இருவரும் காத்திருந்தார்கள். அவர் போய்ச் சேர நேரம் பிடித்தது.